சேகரம் (தென்னிந்தியத் திருச்சபை)

சேகரம் அல்லது குருசேகரம் என்பது தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு குருவின் பொறுப்பில் அமைந்துள்ள சபைகளின் தொகுப்பைக் குறிக்கும். இங்கிலாந்துத் திருச்சபையின் பங்கு அமைப்பு தமிழகத்திற்கு வந்து, இவ்வூர்களின் சூழலுக்கேற்ப மாறி உருவானதே சேகரம் ஆகும். ஞாயிறு வழிபாடு, திருமுழுக்கு, திருமணம், அடக்கம், பண்டிகைகள், பள்ளிக்கூடம், ஏழையர் உதவி, பொதுப் பந்தி ஆகிய அனைத்தும் இவ்வமைப்பின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே சேகரம் என்பது ஆலயக் கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் கூடி வாழும் மக்களின் கூட்டு வாழ்வையும் குறிப்பதாகும். அனைவரையும் ஒரே இடத்தில் அமரச் செய்ய வேண்டும் என்னும் கொள்கையும், அதற்குத் தடையாக நின்ற சாதி வேற்றுமையும் சேகரத்தின் வரலாற்றில் தொடக்கம் முதல் எதிரெதிராக இருந்து வந்துள்ளன.

பெயர்

சேகரம் என்னும் சொல்லுக்குத் திரட்டு, தொகுப்பு என்பன பொருளாகும். பல சிற்றூர்ச் சபைகளை ஒன்றாகத் திரட்டி ஒரு குருவின் கீழ் வைத்ததால் இப்பெயர் பொருத்தமாக அமைந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் 'சேகரம்' என்றும், சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி போன்ற பகுதிகளில் 'குருசேகரம்' என்றும் வழங்குகின்றனர். சேகரங்கள் பல சேர்ந்தது திருமண்டலம் அல்லது பேராயம் எனப்படும். இதன் தலைவர் பேராயர் ஆவார். பழைய நூல்களில் இவர் அத்தியட்சர் என்று குறிப்பிடப்படுகிறார்.

வரலாறு

ஆங்கிலிக்கன் மரபு

இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஆங்கிலிக்கன் ஆலயம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள தூய மரியாள் ஆலயம் ஆகும். இது 1680ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்டது. ஆயினும் அது கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கான ஆலயமாகவே இருந்தது. தமிழ் மக்களிடையே சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றியது, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புளுட்சோ ஆகிய லுத்தரன் மறைப்பணியாளர்களாலேயே ஆகும்.

திருநெல்வேலிச் சீமையில் ஆங்கிலிக்கன் சபைகள் தோன்றிய வரலாறு பாளையங்கோட்டையில் வாழ்ந்த குளோரிந்தா என்னும் பெண்மணியிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சையில் பணியாற்றிய சுவார்ட்ஸ் 1778இல் இவருக்குத் திருமுழுக்கு அளித்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பேர் இடம்பெற்றிருந்தனர். 1785இல் குளோரிந்தாவின் முயற்சியால் பாளையங்கோட்டையில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. கணவனை இழந்த ஒரு பெண் முன்னின்று கட்டிய ஆலயத்திலிருந்து இச்சபை வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சொந்த ஊர்களில் துன்புறுத்தலுக்கு உள்ளான புதிய கிறித்தவர்களுக்காக 1799இல் முதலூர் என்னும் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. பின்னர் இது போன்ற ஊர்கள் பல தோன்றின. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேஷபுரம், ஆசீர்வாதபுரம் ஆகியன அவற்றுட் சில. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர் இத்தகைய ஊர்களுக்கு நிலம் வாங்கித் தருவதற்காகத் தர்ம சங்கம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். ஆலயமும் பள்ளியும் கிணறும் நேரான தெருக்களும் கொண்ட இவ்வூர்களில்தான் சேகர வாழ்வு முழு வடிவம் பெற்றது. இடையன்குடியில் 1841 முதல் பணியாற்றிய கால்டுவெல், மெஞ்ஞானபுரத்தில் பணியாற்றிய ஜான் தாமஸ் ஆகியோர் இதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்கள். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரமுடையது.

திருநெல்வேலி 1896இல் தனித் திருமண்டலமாயிற்று. இத்திருமண்டலத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் ஊரில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் இவரே.

திருச்சபை ஒன்றிப்பு

தமிழகத்தில் பல மிஷன்கள் தத்தமக்குரிய பகுதிகளைப் பிரித்துக் கொண்டு பணியாற்றின. ஒரு மிஷன் பணி செய்யும் பகுதியில் மற்றொன்று நுழைவதில்லை என்பது அவற்றின் உடன்பாடு. இதனால் ஒருவர் எந்தத் திருச்சபையைச் சார்ந்தவர் என்பது அவருடைய கொள்கையால் அன்றி, அவர் பிறந்த ஊரால் முடிவாயிற்று. வேலை தேடி வேறு மாவட்டம் சென்றவர் அங்குள்ள சபையில் நற்கருணை பெற முடியாத நிலையும் ஏற்பட்டது.

இப்பிரிவினையை நீக்கும் நோக்குடன் 1919இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அசரியா இதில் முக்கியப் பங்காற்றினார். 28 ஆண்டுகள் நடைபெற்ற பேச்சுவார்த்தைகளுக்குப் பின்னர், செப்டம்பர் 27, 1947 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் தென்னிந்தியத் திருமண்டலங்கள், மெதடிஸ்து திருச்சபையின் தென்னிந்திய மாகாணம், 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய திருச்சபை ஆகியன இதில் இணைந்தன. பேராயர்களை உடைய திருச்சபையும் பேராயர்கள் இல்லாத திருச்சபைகளும் ஒன்றிணைந்தது உலகிலேயே இதுவே முதல் முறையாகும். அசரியா 1945இல் காலமாகி விட்டதால் இந்நாளைக் காணவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஒன்றியத்தில் உறுப்புத் திருச்சபையாக உள்ளது. மெதடிஸ்து, சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக அமைப்புகளுடனும் உறவு கொண்டுள்ளது.

அமைப்பு

ஒரு சேகரத்தில் ஓர் ஆலயம் மட்டுமே இருக்கலாம்; சிற்றூர்ப் பகுதியாயின் பல சபைகள் இருக்கலாம். சேகரத்தின் பொறுப்பாளர் சேகரகுரு ஆவார். இவரை மக்கள் 'ஐயர்' என்றும் 'போதகர்' என்றும் அழைப்பது வழக்கம். வட தமிழகத்தில் 'ஆயர்' என்னும் சொல்லும் வழங்குகிறது. இவருடன் பின்வருவோரும் பணியாற்றுகின்றனர்.

உபதேசியார்: குரு இல்லாத சிற்றூர்ச் சபைகளில் வழிபாடு நடத்துபவர். காலை, மாலை வேளைகளில் ஜெபம் நடத்துவதும், வீடுகளைச் சந்திப்பதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பதும் இவர் பணியாகும். பழங்காலத்தில் இவரே பள்ளி ஆசிரியராகவும் இருந்தார்.

கோயில்பிள்ளை: ஆலயத்தைத் திறந்து மூடுதல், மணி அடித்தல், தூய்மை செய்தல், வழிபாட்டுப் பொருள்களை ஆயத்தம் செய்தல் ஆகிய பணிகளைச் செய்பவர். ஊரில் ஓர் இறப்பு நிகழ்ந்தால் அதனை மணி ஓசையால் அறிவிப்பவரும் இவரே.

சேகரக் குழு: சபையாரால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. காணிக்கைக் கணக்கு, கட்டடப் பராமரிப்பு, பண்டிகை ஏற்பாடு முதலியவற்றைக் கவனிக்கிறது.

குருவை மட்டுமே சார்ந்திராமல் சபையாரும் நிருவாகத்தில் பங்கு கொள்வது இவ்வமைப்பின் சிறப்பாகும். அதே வேளையில், பள்ளிகளும் கல்லூரிகளும் நிலங்களும் திருமண்டலத்தின் பொறுப்பில் இருப்பதால், தேர்தல்கள் கடும் போட்டிக்கு உரியனவாகியுள்ளன. தேர்தல் வழக்குகள் நீதிமன்றம் வரை செல்வதும் உண்டு. இப்போட்டிகள் சிற்றூர்ச் சபைகளிலும் அணிகளை உருவாக்கிவிடுகின்றன என்பது சபையாரிடையே பரவலாக உள்ள மனக்குறையாகும்.

வழிபாடு

ஞாயிறு ஆராதனை

ஞாயிறன்று முதல் மணி, இரண்டாம் மணி எனக் குறித்த இடைவெளியில் ஆலய மணி ஒலிக்கும். முதல் மணி வீட்டிலிருந்து புறப்படுவதற்கும், இரண்டாம் மணி ஆலயத்தினுள் அமர்வதற்கும் அடையாளமாகும். பாடகர் குழுவும் குருவும் பவனியாக வர, தொடக்கப் பாடலுடன் ஆராதனை தொடங்கும். பாவ அறிக்கை, சங்கீதம், பழைய ஏற்பாட்டிலிருந்தும் புதிய ஏற்பாட்டிலிருந்தும் வாசிப்புகள், விசுவாசப் பிரமாணம், அருளுரை, காணிக்கை, மன்றாட்டு, ஆசீர்வாதம் என்பது பொதுவான ஒழுங்காகும். சங்கீதத்தைக் குரு ஒரு வசனமும் சபையார் ஒரு வசனமுமாக மாற்றி மாற்றி வாசிக்கின்றனர்.

இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெப நூலை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரோட்லர் ஐயர் தமிழில் மொழிபெயர்த்தார். அந்நடையின் செல்வாக்கு இன்றும் ஆராதனைத் தமிழில் காணப்படுகிறது. வாசிப்பிற்குப் பெரும்பாலும் 1871ஆம் ஆண்டின் பவர் திருப்புதல் பயன்படுத்தப்படுகிறது. அன்றாட வழக்கில் இல்லாத பல சொற்களும் இதனால் எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கும் மனப்பாடமாக உள்ளன.

அறிவிப்புகள் ஆராதனையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன. நோயுற்றோர், இறந்தோர், தேர்வெழுதுவோர், வெளிநாடு செல்வோர் ஆகியோரின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. பிறந்தநாள், திருமண நாள் கொண்டாடுவோர் முன்னே வந்து நன்றிக் காணிக்கை செலுத்த, குரு அவர்களுக்காக வேண்டுதல் செய்கிறார். திருமணத்திற்கு முன்னர் மூன்று ஞாயிறுகளில் மணமக்களின் பெயர்களை வாசித்து, தடை ஏதும் உண்டா என வினவுவதை 'ஓலை வாசித்தல்' என்பர்.

நற்கருணை வழிபாடு

பரிசுத்த நற்கருணை அல்லது இராப்போஜனம் பல சபைகளில் மாதத்தின் குறித்த ஞாயிற்றில் நடைபெறுகிறது. குரு ஒருவர் பல சபைகளுக்குச் செல்ல வேண்டியிருப்பது இதற்குக் காரணமாகும். நகர ஆலயங்களில் ஒவ்வொரு ஞாயிறும் நடைபெறுவதுண்டு. திடப்படுத்தல் பெற்ற உறுப்பினர்கள் பீடத்தின் முன் முழந்தாளிட்டு அப்பமும் திராட்சை இரசமும் பெறுகின்றனர்.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் தனது முதல் நற்கருணை ஒழுங்கை வெளியிட்டது. லெஸ்லி பிரவுண் இதனை ஆக்கிய குழுவின் தலைமைப் பணியில் இருந்தார். இவ்வொழுங்கு பின்னர் திருத்தப்பட்டு, 1963இல் வெளிவந்த பொது வழிபாட்டு நூலில் இடம்பெற்றது. இதன் சிறப்புக் கூறுகள் பின்வருமாறு:

- குரு மக்களுக்கு முதுகு காட்டி நிற்காமல், திருப்பந்தியின் பின்புறம் நின்று மக்களை நோக்கி வழிபாட்டை நடத்துதல்.
- அப்பமும் இரசமும் காணிக்கையுடன் சபையாரால் முன்னே கொண்டுவரப்படுதல்.
- சமாதான வாழ்த்தைக் கையோடு கை சேர்த்து ஒருவர் அடுத்தவருக்கு அளித்தல்.
- நன்றி மன்றாட்டின் இடையில் சபையார் தாமும் குரல் கொடுத்துப் பங்கேற்றல்.

இவற்றுள் சமாதான வாழ்த்து கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் மரபிலிருந்து எடுக்கப்பட்டதாகும். குரு தம் இரு கைகளுக்குள் அடுத்தவர் கைகளை ஏந்தி வாழ்த்த, அவர் அதனை வரிசையில் இருப்பவருக்கு அளிப்பார். இவ்வாறு அது ஆலயத்தின் கடைசி வரிசை வரை சென்று சேரும். பிற்காலத்தில் மேலை நாட்டுத் திருச்சபைகள் தம் வழிபாட்டு ஒழுங்கைத் திருத்தியபோது தென்னிந்தியத் திருச்சபையின் இவ்வழிபாட்டை முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கொண்டன. தொடுதலே தீட்டு எனக் கருதப்பட்ட ஒரு சமூகத்தில், அருகில் இருப்பவர் யாராயினும் அவர் கையைத் தொட்டு வாழ்த்த வேண்டும் என்னும் ஒழுங்கு எளிதான ஒன்றன்று.

இசை

சேகர வழிபாட்டில் இரண்டு இசை மரபுகள் உள்ளன. பாமாலைகள் என்பன ஐரோப்பிய மெட்டுகளில் பாடப்படும் மொழிபெயர்ப்புப் பாடல்கள் ஆகும். கீர்த்தனைகள் என்பன இராகம், தாளம் அமைந்த தமிழ்ப் பாடல்கள் ஆகும். கீர்த்தனை ஆசிரியர்களுள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) முதலிடம் பெறுகிறார். 'இரட்சணிய யாத்திரிகம்' இயற்றிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900), 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசை நூலை எழுதிய ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) ஆகியோரின் பாடல்களும் பாடப்படுகின்றன. ஆர்மோனியத்தின் இடத்தை இப்போது மின்னணு இசைக்கருவிகள் பிடித்துள்ளன.

பறை உள்ளிட்ட நாட்டுப்புற இசைக்கருவிகள் நெடுங்காலம் ஆலயத்தினுள் அனுமதிக்கப்படவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் குருவும், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியருமான ஜே. தியோபிலஸ் அப்பாவு இந்நிலையை மாற்ற முயன்றார். 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்ட இவர் (இறப்பு 2005), நாட்டுப்புற மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டு ஒழுங்கை ஆக்கினார். தலித் மக்களின் இசை இழிவானதன்று என்பதை வழிபாட்டின் மூலமே உணர்த்துவது இவரது நோக்கமாகும்.

திருச்சபை ஆண்டு

சேகரத்தின் ஆண்டு, திருவருகைக் காலத்துடன் தொடங்குகிறது. திசம்பர் மாத இரவுகளில் பாடகர் குழுவினர் வீடு வீடாகச் சென்று பாடுகின்றனர். கிறித்துமசு ஆராதனை விடியற்காலையிலேயே நடைபெறுகிறது. திசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனம் எழுதிய அட்டைகள் வழங்கப்படுகின்றன. ஆண்டு முழுதும் ஆலயத்திற்கு வராதவரும் இவ்விரவில் வருவர்.

சாம்பல் புதனில் தொடங்கும் லெந்து நாட்களில் திருமணங்கள் பொதுவாக நடைபெறுவதில்லை. மாலை வேளைகளில் தெருவாரியாக வீட்டு ஜெபக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. குருத்தோலை ஞாயிறன்று, ஓலைகளை ஏந்திப் பவனி வருவர். பனை மரம் மிகுந்த திருநெல்வேலிச் சீமையில் பனங்குருத்தே பயன்படுகிறது. பனையேறும் தொழிலைச் செய்து வந்த மக்களுக்கு இந்நாள் தனி நெருக்கம் உடையது. அன்று சிலுவை வடிவில் முடையப்படும் ஓலையை வீட்டில் வைத்துப் பாதுகாப்பர். பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை சிலுவையில் கூறப்பட்ட ஏழு மொழிகளும் தியானிக்கப்படுகின்றன. உயிர்த்தெழுந்த ஞாயிறன்று இருள் பிரியும் முன்னரே ஆராதனை தொடங்கிவிடும்.

அறுவடைக்குப் பின் வரும் அறுப்பின் பண்டிகை சிற்றூர்ச் சேகரங்களில் பெருவிழாவாகும். நெல், வாழைத்தார், தேங்காய், கோழி, ஆடு எனத் தம்மிடம் உள்ளவற்றை மக்கள் காணிக்கையாகப் படைக்கின்றனர். வழிபாட்டின் பின்னர் அவை ஏலம் விடப்படுகின்றன. ஒரு பூசணிக்காயை அதன் சந்தை விலையைப் போலப் பலமடங்கு கொடுத்து எடுப்பதும், எடுத்தவரே மீண்டும் காணிக்கையாகக் கொடுத்துவிடுவதும் உண்டு. பாளையங்கோட்டை நூற்றாண்டு மண்டபத்தில் திருமண்டல அளவில் ஆண்டுதோறும் தோத்திரப் பண்டிகை நடைபெறுகிறது. செப்டம்பர் 27ஐ ஒட்டிய ஞாயிறு, திருச்சபை ஒன்றிப்பின் நினைவு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சமூக வாழ்வு

சங்கங்கள்

பெண்கள் ஐக்கிய சங்கம், ஆண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம், ஓய்வுநாள் பாடசாலை ஆகியன பெரும்பாலான சேகரங்களில் உள்ளன. கோடை விடுமுறையில் சிறார்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப்படுகிறது. இதில் பிற சமயச் சிறாரும் கலந்து கொள்வது வழக்கம்.

பெண்களின் பங்களிப்புகளுள் கைப்பிடி அரிசி சிறப்பானது. நாள்தோறும் உலையில் இடுவதற்கு முன்னர் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததும் ஆலயத்தில் செலுத்துவர். கையில் பணம் புழங்காத பெண்களும் தம் சொந்த முடிவால் காணிக்கை கொடுக்க இது வழிவகுத்தது.

அசனம்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டச் சேகரங்களில் ஆலயப் பிரதிட்டை நாளையொட்டி நடைபெறும் பொது விருந்து அசனம் எனப்படும். அரிசியும் பிற பொருள்களும் வீடுகளிலிருந்து திரட்டப்படுகின்றன. ஆண்கள் இரவு முழுதும் விழித்திருந்து பெரிய பாத்திரங்களில் சமைக்கின்றனர். குரு வேண்டுதல் செய்தபின் ஊரார் வரிசையாக அமர்ந்து உண்கின்றனர். அண்டை ஊரார், பிற சமயத்தார், வழிப்போக்கர் என யார் வந்தாலும் உணவு உண்டு. வந்தவரை உண்ணாமல் அனுப்புவது ஊருக்கு இழுக்கு என்று கருதப்படுகிறது. சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள் ஆகிய இடங்களில் வாழ்வோர் அசனத்திற்காகவே ஊர் திரும்புவதுண்டு. இளைஞர் பலர் வெளியேறிவிட்ட சிற்றூர்களில் ஆலயம் நிறைவது இந்நாளில் மட்டுமே.

உடன் உண்ணுதலின் இறையியல் பொருளை மேற்கூறிய தியோபிலஸ் அப்பாவு 'ஒரே உலை' என்னும் கருத்தால் விளக்கினார். ஒரே உலையில் பொங்கி உண்பவர் ஒரே குடும்பத்தினர் ஆவர். எனவே நற்கருணை என்பது பெயரளவிலான சடங்காக அமையாமல், உள்ளதைப் பகிர்ந்து உண்ணும் ஒரே உலையாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்தாகும்.

இறப்பும் துக்கமும்

சபையில் ஒருவர் இறந்தால் அடக்கத்திற்கான பொறுப்பைச் சேகரம் ஏற்கிறது. குழி வெட்டுதல், பாடகர்களை வரவழைத்தல், துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் உணவு கொண்டுசெல்லுதல் ஆகியன எழுதப்படாத கடமைகளாகும். 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது ஆலயங்கள் மூடப்பட்டு, ஆராதனைகள் இணைய வழியில் நடைபெற்றன. ஞாயிறு வழிபாடு இல்லாததைக் காட்டிலும், துக்க வீட்டிற்குச் செல்ல இயலாமற் போனதையே பலர் பேரிழப்பாக உணர்ந்தனர்.

வரவேற்பும் விலக்கலும்

ஆலயத்தின் கதவு அனைவருக்கும் திறந்திருக்கிறது என்பது கொள்கை. உள்ளே யார் எங்கு அமர்வது, நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் அருந்துவது என்பன நெடுங்காலச் சச்சரவுகள் ஆகும். தஞ்சாவூர், வேப்பேரி முதலிய பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833இல் கொல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை வாயிலாக, சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப் பணித்தார். இதனை ஏற்க மறுத்து பலர் சபையை விட்டு விலகினர். கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரும் இருக்கை வேற்றுமையை நீக்கியதை எதிர்த்தவர்களுள் ஒருவர். அவருடைய பாடல்களை இன்று எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமர்ந்து பாடுகின்றனர்.

இன்று தனி இருக்கைகள் வழக்கொழிந்து விட்டன. எனினும் திருமண உறவு, சபைத் தேர்தல், கல்லறை இடம் ஆகியவற்றில் சாதியின் தாக்கம் முற்றிலும் மறையவில்லை என்பதைத் தலித் இறையியலாளர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றனர்.

பெண்களைப் பொறுத்தவரை, ஆலயத்தில் ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் மறு புறமுமாக அமரும் வழக்கம் பல ஊர்களில் தொடர்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1970களில் பெண்களைக் குருக்களாக ஏற்றுக்கொண்டது. 2013இல் புஷ்பா லலிதா ஆந்திரத்தின் நந்தியால் பேராயராகப் பொறுப்பேற்று, இத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். குருவாக வரும் பெண்ணை எப்படி அழைப்பது என்பது சிற்றூர்ச் சபைகளுக்குப் புதிய வினாவாயிற்று. 'ஐயர்' என்பதற்கு இணையாக 'அம்மா' என்னும் விளியே பெரும்பாலும் பயன்படுகிறது.

திருவண்ணாமலைப் பகுதி

மிஷன்களிடையே இருந்த பகுதிப் பிரிவினையை விளங்கிக்கொள்ளத் திருவண்ணாமலை நல்ல எடுத்துக்காட்டாகும். இந்நகரில் பணியாற்றியது டென்மார்க்கைச் சேர்ந்த டேனிஷ் மிஷன் ஆகும். அதன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை 1947ஆம் ஆண்டின் ஒன்றிப்பில் சேரவில்லை. பின்னர்த் தென்னிந்தியத் திருச்சபைக்கும் லுத்தரன் திருச்சபைகளுக்கும் இடையே நெடுநாள் பேச்சுவார்த்தைகள் நடைபெற்றும் அமைப்பு முறையிலான ஒன்றிப்பு ஏற்படவில்லை. நகரிலுள்ள டேனிஷ் மிஷன் பள்ளி இம்மரபின் நினைவாக விளங்குகிறது. வடக்கே வேலூர், ஆரணிப் பகுதிகளில் 1853இல் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் பணியாற்றியது. அதன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய திருச்சபை வழியாகத் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து, 1976 முதல் வேலூர் பேராயத்தின் பகுதியாக உள்ளன. இவ்வாறு சில மணி நேரப் பயணத் தொலைவில் இரு வேறு திருச்சபைகள் அமைந்தன. எனினும் பாமாலை, கீர்த்தனை, அறுப்பின் பண்டிகை, பெரிய வெள்ளித் தியானம் ஆகியன இரண்டிற்கும் பொதுவானவை. குருக்களுள் பலர் அரசரடிக் கல்லூரியில் ஒன்றாகப் பயின்றவர்கள்.

ரமணாசிரமம் அமைந்துள்ள பகுதி பல நாட்டினரும் பல சமயத்தினரும் வந்து தங்கும் இடமாகும். ரமண மகரிஷி 1896இல் திருவண்ணாமலைக்கு வருவதற்கு முன்னர் மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். அம்மிஷனின் சபைகள் இன்று மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தைச் சார்ந்துள்ளன. பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கத் துறவி அபிசிக்தானந்தர் 1949இல் மகரிஷியைத் தரிசித்து, 1950களில் அருணாசல மலைக் குகைகளில் தங்கித் தியானம் செய்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடர்புடன் 'குவோ வாடிஸ்' என்னும் சமய உரையாடல் மையமும் இந்நகரில் ஏற்படுத்தப்பட்டது.

வரவேற்கும் சபை என்னும் கருத்துக்கு இப்பகுதி அளித்த மற்றொரு வடிவம் ஆசிரமம் ஆகும். திருப்பத்தூரில் 1921இல் மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசன், ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஆகியோர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்து நாட்டவர். மக்கள் இவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தனர். ஆண்டவரும் அடியவருமாக வெள்ளையரும் இந்தியரும் வாழ்ந்த காலத்தில் இருவரும் கதர் உடுத்தி, ஒரே பந்தியில் உண்டு, ஏழை நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தனர். இங்குள்ள ஆலயம் திராவிடக் கட்டடக் கலைப் பாணியில் கட்டப்பட்டுள்ளது. இருக்கைகள் இன்றித் தரையில் அமர்ந்து வழிபடும் முறையால், முன்வரிசை யாருக்கு என்னும் வினாவுக்கே அங்கு இடமில்லாமற் போயிற்று.

தமிழகத்திற்கு வெளியே

இலங்கையில் ஆங்கிலிக்கன் சபைகள் 1947ஆம் ஆண்டின் ஒன்றிப்பில் சேராமல் இலங்கைத் திருச்சபையாகத் தொடர்கின்றன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் மட்டும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின. சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் தோட்டத் தொழிலாளராகவும் அலுவலராகவும் சென்ற தமிழர்கள் ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபைகளை உருவாக்கினர். அங்கும் கீர்த்தனைகளும் பொதுப் பந்தியும் தொடர்கின்றன. வழிபாட்டு மொழி தமிழாகவே இருக்க வேண்டுமா என்பது அச்சபைகளின் இளந்தலைமுறையினரிடையே எழும் வினாவாகும்.

இவற்றையும் பார்க்க

- தென்னிந்தியத் திருச்சபை
- ஆற்காடு லுத்தரன் திருச்சபை
- வே. ச. அசரியா
- இராபர்ட் கால்டுவெல்
- வேதநாயக சாஸ்திரியார்
- கிறிஸ்துகுல ஆசிரமம்
- மெஞ்ஞானபுரம்